நம்ம ஆப்பைத் திறந்தா அடுத்தவன் மூஞ்சியா?

தலைப்பைப் பாத்துட்டு யாருக்கோ ஆப்பு வைக்கிற பதிவுன்னு ஓடி வந்த மக்கா, கொஞ்சம் நில்லுங்க. இது போன்ல இருக்கிற ஆப்பு. ஆனா நடுவுல எனக்கு ஒருத்தர் வெச்ச ஆப்பும் வருது. அதனால வந்ததுக்கு நஷ்டம் இல்ல :)

விஷயம் ரொம்பச் சின்னது. போன்ல ஒரு ஆப்பைத் தொட்டதும், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு செகண்டு ஒரு படம் வரும் பாருங்க. நடுவுல ஒரு லோகோ, சுத்திலும் வெறும் கலர். அதுக்குப் பேரு ஸ்ப்ளாஷ் ஸ்க்ரீன். ரெடிமேட் டெம்ப்ளேட் எடுத்து ஆப் செய்யறவங்களுக்கு இந்தப் படமும் ரெடிமேடாவே வந்துடும். டெம்ப்ளேட் செஞ்சவங்களோட லோகோ அங்க உக்காந்திருக்கும். பாதிப் பேரு அதை மாத்தாமலேயே ஊருக்கு விட்டுடறாங்க. அந்தப் பாதிப் பேர்ல நானும் ஒருத்தன். அதாவது போன வருஷம் ஆடி மாசம் வரைக்கும்.

எங்க ஊரு முள்ளிப்பட்டு. ஆரணியை ஒட்டின ஊரு. காலைல எங்க தெருவுல கோழி கூவுறதுக்குப் பதிலா தறிச் சத்தம்தான் எழுப்பும். நான் தறிப் பக்கம் போகாம சென்னைக்குப் பொட்டி தட்டப் போனவன். வாரக்கடைசில ஊருக்கு வந்தா, 'கம்ப்யூட்டர் படிச்சவன்' என்ற ஒரே குத்தத்துக்காக, பிரிண்டர் ரிப்பேர்லேர்ந்து ஆதார் திருத்தம் வரைக்கும் எல்லாம் என் தலைல விழும்.

எதிர்வீட்டு மாமா (சொந்தம் இல்ல, தெரு முறை) மூணு தறி வெச்சிருக்காரு. ரொம்ப வருஷம் கூலிக்கு நெய்ஞ்சவரு. பாவும் ஜரிகையும் முதலாளி தருவாரு, இவரு நெய்ஞ்சு குடுத்துக் கூலி வாங்கிட்டு வருவாரு. இப்ப நாலஞ்சு வருஷமா கொஞ்சம் சேலைய சொந்தமா நெய்ஞ்சு வாட்ஸப்ல நேரடியா விக்கிறாரு. மருமகப்பொண்ணு போட்டோ எடுத்து குரூப்ல போடும். அந்த குரூப்ல தினமும் ஒரே கும்மி. "இந்தக் கலர் இருக்கா?" "வித்துடுச்சு." "அப்ப ஏன் போட்டீங்க?" இப்படியே போவும். அதனால "மாப்ள, ஒரு ஆப்பு செஞ்சு குடு"ன்னாரு.

மாமா ஆப்பு கேட்டதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பழைய வலி. அவரு கையால நெய்ஞ்ச சேலை ஆரணி எல்லையைத் தாண்டினதும் வேற ஊரு பேரோட கடைல தொங்குறதை அவரே கண்ணால பாத்திருக்காரு. ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு, காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கு. ஆனா சட்டத்துல பேரு இருக்கறதுக்கும் கடைல பேரு சொல்றதுக்கும் நடுவுல ரொம்ப தூரம். "நம்ம பேர்ல ஒண்ணு விக்கணும் மாப்ள, அவ்ளோதான்"னு சொல்லிட்டுத்தான் மாமா காபியே குடுத்தாரு.

நான் என்ன பண்ணினேன்? ஒரு கடை டெம்ப்ளேட்டை எடுத்தேன். (எதுன்னு கேக்காதீங்க. தப்பு என்னோடது.) ஐகானை மாத்தினேன். பேரை மாத்தினேன். கலரை அரக்கும் மஞ்சளுமா ஆக்கினேன். சேலை போட்டோ, விலை, வாட்ஸப் பட்டன் எல்லாம் வெச்சேன். ரெண்டு சனி ஞாயிறு வேலை. பிளே ஸ்டோருக்கு 25 டாலர் கட்டணுமேன்னு யோசிச்சு, இப்போதைக்கு ஏபிகே ஃபைலையே வாட்ஸப்ல அனுப்பலாம்னு புத்திசாலித்தனமா முடிவு பண்ணினேன். மாமா போன்ல ஏத்திக் குடுத்தேன். திறந்தாரு.

"இன்னா மாப்ள இது, நீலமா? யாரு மூஞ்சி?"

"அது ஒண்ணும் இல்ல மாமா. டீஃபால்ட்டு."

"டீஃபால்ட்டுன்னா?"

"நாம எதுவும் மாத்தலைன்னா தானா வர்றது."

"அப்ப நீ மாத்தலைன்னு சொல்லு."

இதுதான் நான் மேல சொன்ன ஆப்பு. ஆனா அன்னைக்கு எனக்கு அது உறைக்கல. "ரெண்டு செகண்டுல போயிடும் மாமா, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

பத்து நாள் கழிச்சு ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வர்ற மாதிரி இருந்துச்சு. சென்னைல இருக்கிற ஒரு அம்மா. முகூர்த்தப் பட்டோட சேத்து எட்டு சேலை. மூணு தறி ஓடுற வீட்டுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாசத்து வேலை. போன்ல பேசி எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. மருமகப்பொண்ணு ஆப்பை அனுப்பி, "இதுல டிசைன் பாத்து எடுங்க, அட்வான்சும் இதுலயே போடலாம்"னு சொல்லிடுச்சு. மறுநாள் அவங்ககிட்டேர்ந்து வந்த பதில்: நீங்க அனுப்பினதைத் திறந்தா வேற ஏதோ கம்பெனி படம் வருது, எங்க பையன் உடனே அழிக்கச் சொல்லிட்டான், தப்பா நினைக்காதீங்க. அவ்ளோதான். அப்புறம் அவங்க திரும்பி வரல.

எனக்கு முதல்ல அந்தப் பையன் மேலதான் கோவம் வந்துச்சு. ஆற அமர யோசிச்சா அவன் செஞ்சதுதான் சரி. 2024-ல கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி வாட்ஸப்ல ஏபிகே அனுப்பி, அதைத் திறந்தவங்க போனைக் கைப்பத்தற மோசடி நடந்து, போலீசே எச்சரிக்கை விட்டாங்க இல்லையா? முன்னப்பின்ன பாக்காத ஒருத்தர் ஒரு ஃபைல் அனுப்புறாரு. பேரு ஆரணிப் பட்டுங்குது. திறந்தா சம்பந்தமே இல்லாத நீலக்கலர் முத்திரை. அடுத்து பணம் கட்டுங்குது. நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன். ஏபிகேவா அனுப்பினது என் முதல் தப்பு. அந்தத் தப்பைப் பத்து மடங்கு ஆக்கினது அந்த ரெண்டு செகண்டு.

மாமா திட்டல. தறில உக்காந்தபடியே மேல ஜக்கார்டு பெட்டியக் காட்டினாரு. பெட்டிலேர்ந்து ஓட்டை போட்ட அட்டைங்க மாலை மாதிரி தொங்கும். எந்த ஓட்டை எங்க இருக்கோ அதுக்கேத்த இழை தூக்கும், பார்டர்லயும் முந்திலயும் டிசைன் விழும். (பிரான்ஸ்ல 1804 வாக்குல ஜக்கார்டு கொண்டுவந்த இந்த அட்டையோட பேரப்புள்ளைங்கதான் நம்ம பழைய கம்ப்யூட்டர் பஞ்ச் கார்டெல்லாம். ஆக, பொட்டி தட்டற நாம எல்லாரும் ஒரு வகைல தறிக்காரங்கதான்.)

"நானும் பழைய அட்டை வாங்கி ஓட்டுறவன்தான் மாப்ள. புதுசா குத்தறதுக்குக் காசு எங்க கீது? ஆனா முந்தில பழைய ஆளு எழுத்து வர்ற மாதிரி அட்டை இருந்தா, அதை மட்டும் கழட்டிட்டுத்தான் தறில ஏத்துவோம். அடுத்தவன் அட்டை ஓட்டறது தப்பு இல்ல. அடுத்தவன் பேரை நெய்யறதுதான் தப்பு."

டெம்ப்ளேட்டைப் பத்தி இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல! இருந்தாலும் இது என் பதிவாச்சே, சொல்லித்தானே ஆவணும்.

முதல்ல டெம்ப்ளேட் செய்யறவங்களைக் குத்தம் சொல்லாதீங்க. அங்க ஏதாவது ஒண்ணு வெச்சுத்தான் ஆகணும். ஆப்பைத் தொட்டதுக்கும் முதல் பக்கம் வர்றதுக்கும் நடுவுல போன் உள்ள ஏகப்பட்ட வேலை செய்யுது. ஆப்புக்குன்னு தனி இடம் ஒதுக்கணும், கோடை ஏத்தணும், முதல் பக்கத்தை வரையணும். அதுவரைக்கும் கண்ணுக்கு ஏதாவது காட்டலைன்னா ஆள் "தொட்டோமா இல்லையா?"ன்னு திரும்பத் திரும்பத் தொடுவான். அந்த இடைவெளிய மூடத்தான் இந்தப் படம். 2021-ல வந்த ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து போனே எல்லா ஆப்புக்கும் ஒரு ஸ்ப்ளாஷ் போட்டுடுது. நீங்க எதுவும் செய்யலைன்னா ஆப்போட ஐகானை நடுவுல வெச்சுக் காட்டிடும். அப்பவும் பழைய டெம்ப்ளேட்காரங்க தங்களோட ஸ்ப்ளாஷை எடுக்காம விட்டதால, முதல்ல போன் போடுற படம், அப்புறம் டெம்ப்ளேட் படம்னு ரெண்டு தடவை வர்ற கூத்தும் நடந்துச்சு.

ஒவ்வொரு கம்பெனிக்காரனும் இந்த இடத்துல ஒவ்வொண்ணு வெச்சிருக்கான். ஃப்ளட்டர் ஆண்ட்ராய்டுக்கு வெறும் வெள்ளைத் திரைய வெச்சு, அந்த ஃபைல்லயே 'உங்க படத்தை இங்க போட்டுக்கலாம்'னு ஒரு குறிப்பும் எழுதி வெச்சிருக்கு. ரியாக்ட் நேட்டிவ்ல ஐபோனுக்குச் செய்யும்போது 'பவர்டு பை ரியாக்ட் நேட்டிவ்'னு ஒரு வரி ரொம்ப வருஷம் வந்துச்சு. கார்டோவாவுல ரோபோ மூஞ்சி மாதிரி ஒரு லோகோ. இந்தக் கார்டோவா பேரு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? கனடாவுல வான்கூவர்ல ஒரு தெருவோட பேரு. அந்த மென்பொருளை ஆரம்பிச்ச நிடோபி கம்பெனியோட ஆபீஸ் இருந்த தெரு. 2011-ல அடோபி அந்தக் கம்பெனிய வாங்கி, மென்பொருளை அப்பாச்சிக்குக் குடுத்தப்புறம் இந்தப் பேரு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. வான்கூவர்ல ஒரு தெரு பேரு உலகம் பூரா ஆப்புல வந்துச்சு. முள்ளிப்பட்டுல ஒரு தெருவுல நெய்ஞ்ச சேலைக்கு, அந்த ஊரு பேரு அடுத்த மாவட்டம் வரைக்கும் கூடப் போவல. அந்தப் பேரைப் போடத்தானே மாமா என்னைக் கூப்பிட்டாரு? அவரு வீட்டு வாசல்ல நான் இன்னொருத்தன் போர்டை மாட்டிட்டு பஸ் ஏறிட்டேன்.

"அவன் ஓசில குடுக்குறான், அவன் பேரு வந்தா என்ன குறைஞ்சுடும்?"னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தாரு. நியாயமான கேள்வி. கூலியா வாங்கற பேரு வேற, மறந்துபோய் ஒட்டிக்கிட்டு வர்ற பேரு வேற. கேம் செய்யற யூனிட்டில இலவச லைசென்ஸ் எடுத்தா 'மேடு வித் யூனிட்டி'ன்னு கட்டாயம் காட்டணும்னு இருந்துச்சு. அது பேசின பேச்சு. காசுக்குப் பதிலா பேரு. (2024-ல வந்த யூனிட்டி 6-லேர்ந்து அந்தக் கட்டாயமும் இல்ல.) ஆனா மத்த டெம்ப்ளேட்காரங்க யாரும் "எங்க படத்தை வெச்சுக்கோ"ன்னு கேக்கல. மாத்திக்கோன்னுதான் சொல்றாங்க. நன்றி சொல்லணும்னா 'ஆப்பைப் பற்றி' பக்கத்துல பேரு போட்டு, லைசென்ஸையும் இணைச்சுச் சொல்லுங்க. அதுதான் மரியாதை. வாசல்ல அவன் படத்தை மறந்துட்டு வர்றது நன்றி ஆகாது.

ஆப்பிள்காரன் 2017-ல ஒரு விதி போட்டான். டெம்ப்ளேட்ல அச்சடிச்ச ஆப்புகளை, அந்தச் சரக்குக்குச் சொந்தக்காரங்க பேர்ல அனுப்பலைன்னா ஸ்டோர்ல சேத்துக்க மாட்டேன்னு. பெரிய கம்பெனி சொன்னா விதி, எங்க மாமா சொன்னா பேச்சு. சாரம் ஒண்ணுதான்.

சரி, நமக்கு ஏன் இது கண்ணுல படறதே இல்ல? ஒரு காரணம் இருக்கு. ஆப் செய்யறவன் தன் ஆப்பைத் 'திறக்கறதே' இல்ல. காலைல ஓட விட்டா சாயங்காலம் வரைக்கும் அது ஓடிட்டே இருக்கும். கோடை மாத்த மாத்த உள்ளேயே படம் மாறும், ஸ்ப்ளாஷ் திரும்ப வராது. எப்பவாவது வந்தாலும், அது 'கம்பைல் ஆகுது'ன்னு சொல்ற மணி மாதிரி நமக்கு. அதையே முதல்முறையா பாக்கறவனுக்கு அதுதான் முதல் அறிமுகம். நாம கடைசி வரைக்கும் பாக்காத இடத்தைத்தான் அவன் முதல்ல பாக்கறான். இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

இத்தனைக்கும் நாம இதுக்குப் புதுசா என்ன? நோக்கியா 3310 காலத்துல போன் வாங்கினதும் முதல் வேலை என்ன? 'வெல்கம் நோட்'ல நம்ம பேரைப் போடறது. (சில பேரு வேற பேரும் போட்டாங்க, வீட்ல படிக்கறாங்க, அதை விடுங்க.) ஆன் பண்ணா ரெண்டு கை சேர்ற படத்தோட நம்ம பேரும் வரணும். நாலு பட்டனை வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா அமுக்கி அடிச்ச அந்த அக்கறை, இப்ப இவ்ளோ வசதி வந்தப்புறம் எங்க போச்சு?

இனி என் ரெண்டாவது மொக்கை. ஆர்டர் போன குத்த உணர்ச்சில, இந்தத் தடவை அசத்திடணும்னு நாலு செகண்டுக்கு ஒரு அனிமேஷன் செஞ்சேன். நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடி, இழை இழையா மாமா பேரு வரும். எனக்கே புல்லரிச்சுது. மாமா பாத்தாரு.

"நல்லாத்தான் கீது. ஆனா வாடிக்கைக்காரங்க வந்தா கதவைத் தொறந்து உள்ள வுடணும் மாப்ள. வாசல்லயே நிக்க வெச்சு நம்ம பெருமை பேசக்கூடாது."

ஆண்ட்ராய்டு ஆவணத்துலயும் ஸ்ப்ளாஷ் அனிமேஷன் ஆயிரம் மில்லி செகண்டைத் தாண்ட வேணாம்னு போட்டிருக்கு. ஆப்பிள் அதுக்கும் மேல. முதல் பக்கம் எப்படி இருக்குமோ அதே மாதிரி வெறுமையா வை, பெருமை பேசற இடம் இது இல்லன்னுது. பழைய கார்டோவா ஸ்ப்ளாஷ் பிளக்கின்ல டீஃபால்ட்டே மூணு செகண்டு. ஆப் ரெடியானாலும் படம் போவாது. இதெல்லாம் படிச்ச எனக்குத் தெரியல, தறில உக்காந்த மாமாவுக்குத் தெரிஞ்சுது.

கடைசில என்ன வெச்சோம்? லோகோ வரைய ஆள் தேடல. முந்தில வர்ற அன்னப்பறவைக்கு மாமாகிட்ட பழைய கிராஃப் தாள் இருந்துச்சு. அட்டை குத்தறதுக்கு முன்னாடி கட்டம் கட்டமா வரையற தாள். மருமகப்பொண்ணு அதைப் பாத்து ஒவ்வொரு கட்டத்தையும் கம்ப்யூட்டர்ல நிரப்புச்சு. கட்டம்னா கட்டம், பிக்சல்னா பிக்சல், வித்தியாசமே இல்ல. அரக்குக் கலர் பின்னணி, நடுவுல மஞ்சள் அன்னம், கீழ தமிழ்ல 'முள்ளிப்பட்டு, ஆரணி'. மாத்தறதுக்கு ஆன நேரம், படம் வரைஞ்சது போக, பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்!

ஆப் செய்யற மக்களுக்கு, நான் அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. ஆப்பை முழுசா மூடுங்க. கேபிளைக் கழட்டுங்க. முடிஞ்சா வேற ஒருத்தரோட பழைய, விலை குறைஞ்ச போன்ல ஏத்தித் திறங்க. நம்ம போன்ல கண் சிமிட்டற நேரத்துல போறது அங்க நின்னு நிதானமாத் தெரியும்.

2. ஆண்ட்ராய்டு 12-க்கு மேல நடுப்படம் வட்டத்துக்குள்ளதான் தெரியும். பின்னணி இல்லாத ஐகான்னா 288 டிபி அகலத்துல செஞ்சு, உள்ள 192 டிபி வட்டத்துக்குள்ள அடங்கணும். வெளிய போறது வெட்டுப்படும். தமிழ்ப் பேரை வட்டத்துக்குள்ள திணிக்காதீங்க, கொம்பும் காலும் வெட்டுப்பட்டு அலங்கோலமாயிடும். பேருக்குன்னு கீழ 200-க்கு 80 டிபி தனி இடம் இருக்கு.

3. எழுத்தை எழுத்தா வைக்காம படமா மாத்தி வைங்க. அந்த இடத்துல எழுத்தா வைக்க வழியும் இல்ல. ஸ்ப்ளாஷ்ல எழுத்தே வேணாம்னு ஆப்பிள் சொல்லுது, மொழி மாறினா அது மாறாதேன்னு. நம்மது தமிழ்ல மட்டுமே ஓடுற ஆப்பு, அதனால நான் அந்தப் பேச்சைக் கேக்கல.

4. போன்ல டார்க் மோடு போட்டும் ஒரு தடவை பாருங்க. பகல்ல அழகா இருந்த அன்னம் ராத்திரில காணாமப் போயிருக்கும்.

5. டைமர் வைக்காதீங்க. ரெடியானதும் விட்டுடுங்க.

இப்ப பிளே ஸ்டோர்லயும் 25 டாலர் கட்டிட்டோம். (கட்டினது நான். அபராதம்னு வெச்சுக்கங்க.) ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமா வருது. அந்தக் கல்யாண வீட்டு எட்டு சேலை மட்டும் போனது போனதுதான். அந்த ஆவணில மாமா ஒரு தறிய மறுபடி கூலிக்கு ஓட்டினாரு. அதைப் பத்தி அவரு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

உங்கள்ல யாராவது கோயிலுக்கோ, சித்தப்பா கடைக்கோ, பசங்க படிச்ச ஸ்கூலுக்கோ ஓசில ஆப் செஞ்சு குடுத்திருந்தீங்கன்னா, இந்தப் பக்கத்தை மூடினதும் அதை ஒரு தடவை திறந்து பாருங்க. யாரு மூஞ்சி தெரியுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. உண்மைய மட்டும்.

டிஸ்கி: பதிவைப் படிச்சுக் காட்டினப்போ மாமா கேட்ட ஒரே கேள்வி, "என் பேரை ஏன் போடல?" பேரைப் பத்தி இவ்ளோ எழுதிட்டு அவரு பேரை விட்டுட்டியேன்னு நீங்களும் கேப்பீங்க. கடைக்குப் பேரு வேணும், ஆனா நடந்த கதைல வீட்டு ஆளு பேரு வேணாம்னு மருமகப்பொண்ணு கறாரா சொல்லிடுச்சு. அந்த வீட்ல இப்ப டீஃபால்ட்டு அதோட பேச்சுதான் :)